ஐந்தாம் ரீலில் ஒரு மோதிரம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஆட்டத்துக்கு சொலாஞ்ஜ் வந்து நின்றால், ஒர்த்தான்ஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல் டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிடுவாள். அந்தக் கொட்டகையே ஒர்த்தான்ஸுடையதுதான். டிக்கெட் கொடுப்பதும் அவள், இடைவேளையில் ஐஸ் விற்பதும் அவள், தூங்கிப்போன மாணவர்களை உலுக்கி எழுப்புவதும் அவளே.

“மறுபடியும் அதே படமா மதாம்? கடைசியில மாட்டிக்கத்தான் போறாங்க. நான் சொன்னேன்னு வெச்சுக்குங்க.”

“இன்னிக்கு ஒருவேளை தப்பிச்சிட்டாங்கன்னா?”

“தப்பிச்சா எனக்கும் சொல்லி அனுப்புங்க. கடையைச் சாத்திட்டு நானும் அவங்களோடவே ஓடிடறேன்.”

படத்தின் பெயர் ‘பத்தரை மணிப் பூசை’. ஒக்தாவ் பெல்லான்ஜே 1955இல் எடுத்தது. நாலு பேர், ஒரு நகைக்கடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்த்தாற்போல் இருக்கும் மாதா கோயிலில் மணி அடிக்கும்போது மட்டும் சுவரில் சுத்தியல் இறங்கும். மணி நின்றால் சுத்தியலும் நிற்கும். நாலு பேரில் ஒருவன் சின்ன வயதில் பீடத்தில் பூசை உதவிக்கு நின்றவன். எந்த மன்றாட்டுக்கு எவ்வளவு நேரம், அடுத்த மணி எப்போது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மன்றாட்டைச் சொல்லிக்கொண்டே வருவான், மற்ற மூவரும் மூச்சைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். கொள்ளைக்காரர்களுக்காக நாமும் சேர்ந்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவோம். வெட்கம்கெட்ட வேலைதான், ஆனால் என்ன செய்வது!

இருபத்து மூன்று வருஷமாக அந்தப் படம் ஓய்ந்தபாடில்லை. அவர்கள் தோற்கப்போவது எல்லோருக்கும் தெரியும். வண்டி ஓட்டுகிறவன் போகிற வழியில் தன் பழைய காதலிக்கு ஒரு பூங்கொத்து வாங்க நிறுத்துவான், அங்கேதான் எல்லாம் குட்டிச்சுவராகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் வருகிறார்கள். விளக்கு அணைந்து, மழையில் நனைந்த கல்தெரு திரையில் சாம்பல் நிறமாய் விரிந்ததும், இந்த ஒரு தடவை அவன் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவானோ என்று எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெளியே இருக்கிற பாரிஸ் கரைந்துபோய், உள்ளே இருக்கிற பாரிஸ்தான் நிஜமாகத் தோன்றும். கோட்டு ஈரம் காய்கிற வாசனையும் இருட்டும் சேர்ந்து, உட்கார்ந்திருப்பவர்கள் பாதித் தூக்கத்தில் மிதக்கிற மாதிரி இருப்பார்கள்.

ஐந்தாம் ரீல் வரும்போது மட்டும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நகைக்கடை இரும்புப் பெட்டியின் எண்சக்கரம், அதன்மேல் ஒரு இடது கை. அந்தக் கையின் மோதிர விரலில் ஒரு மோதிரம். மொத்தம் நாலு நொடி. படத்தில் அந்த ஆளுக்கு அதற்கு முன்னாலும் மோதிரம் கிடையாது, பின்னாலும் கிடையாது. அது கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்த எவனோ போட்டுவிட்டது என்று ஒரு பேராசிரியர் பதினோரு பக்கம் எழுதினார். இல்லை, அது போலீசுக்கு அடையாளம் என்று இன்னொருவர் பதிலுக்கு இருபது பக்கம் எழுதினார். சினிமாக்காரர்களுக்கோ அதற்கு ஒரே பெயர்தான்: சொலாஞ்ஜின் தப்பு.

ஏனென்றால் அந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி பார்த்தவள் அவள். முந்தின ஷாட்டில் சிகரெட் எவ்வளவு நீளம், எந்தப் பொத்தான் திறந்திருந்தது, டம்ளரில் எத்தனை விரற்கடை ஒயின் என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை. ஒரு ஈ இடம் மாறி உட்கார்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயர் எடுத்தவள். அப்படிப்பட்டவளுக்கு விரலில் மின்னுகிற மோதிரம் தெரியாமல் போய்விட்டது! பிறகு போட்டுப் பார்த்தபோதுதான் ஒக்தாவுக்கே தெரிந்தது, மறுபடி எடுக்கக் காசில்லை. நாற்பது பேருக்கு முன்னால் அவன் கத்தின கத்தலை அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். “கவனிக்கல. மன்னிச்சிடுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தக் கை நடிகருடையது இல்லை. நடிகருக்குக் குடித்துக் குடித்துக் கை நடுக்கம். அதனால் எமிலியான் என்ற பூட்டுத் தொழிலாளியை வரவழைத்தார்கள். அவன் அவளுடைய புருஷன். இது சினிமாவில் ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் அவனைப் பட்டாளத்துக்குத் திருப்பி அழைத்து அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் ஒரு மலை இடுக்கில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இருபத்து நாலு வயசு. அவளிடம் அவனுடைய போட்டோ இரண்டு இருக்கிறது. ஆனால் போட்டோவில் இருப்பவன் அசையமாட்டான். அவன் அசைவது உலகத்திலேயே அந்த நாலு நொடியில் மட்டும்தான்.

அதற்காகத்தான் அவள் வருகிறாள். சக்கரம் மெல்லத் திரும்பும். கட்டைவிரல் நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடி திரும்பும். வீட்டில் பழைய கடிகாரத்தைப் பழுதுபார்க்கும்போதும் அவன் அப்படித்தான் செய்வான். அந்த நாலு நொடியும் அவளுக்கு மூச்சு வராது. பிறகு அடுத்த ஷாட் வந்துவிடும், அவளும் மூச்சு விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை படம் முடிந்து வெளியே வந்தபோது, எதிரே இருந்த காபிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒக்தாவ் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அறுபத்தைந்து வயசு, கழுத்தில் சிவப்பு மஃப்ளர், முன்னால் உரித்த அவித்த முட்டை. மெல்லப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாத பிறவி.

“வாடி என் பருந்துக் கண்ணு! உக்காரு. உனக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன், கேட்டா அழுதுடுவ.”

“நீ நல்ல சேதின்னு சொன்னாலே எனக்குப் பயம். என்னன்னு சொல்லு.”

“நம்ம படத்துக்குப் புதுப் பிரிண்ட் போடறாங்க. நெகட்டிவைக் கழுவி, கீறல் எல்லாம் எடுத்து, பளபளன்னு. முதல் ஆட்டம் இதோ, ஒர்த்தான்ஸ் கொட்டகையிலதான். படத்தைச் சாகவிடாம வெச்சிருந்தவ அவதானே?” அவன் முட்டையில் உப்பைத் தூவினான். “இன்னும் முக்கியமான சேதி சொல்லல. அந்த மோதிர ஷாட்டைத் தூக்கிடறேன்.”

சொலாஞ்ஜ் கோப்பையைக் கீழே வைத்தாள். “தூக்கிட்டு?”

“புதுசா எடுக்கறேன். அதே பெட்டி ஸ்டுடியோ கிடங்குல தூங்குது, கண்டுபிடிச்சிட்டேன். வித்தை காட்டற ஒருத்தனைப் பிடிச்சிருக்கேன், என்ன விரல் அவனுக்கு! ஆனா லென்ஸ், தூரம், விளக்கு எங்க இருந்துதுன்னு உன் நோட்டு இல்லாம ஒண்ணும் பொருந்தாது. கொண்டா.”

“அது எதுக்கு இப்ப? ஜனங்களுக்கு அது பிடிச்சிருக்கே.”

“ஜனங்க கிடக்கறாங்க! உனக்காகத்தான் பண்றேன், மண்டு. இருபத்து மூணு வருஷமா எவன் எவனோ உன் பேரைச் சொல்லிச் சிரிக்கிறான். போன மாசம்கூட ஒரு பொடிப்பய என்கிட்ட வந்து, ‘சொலாஞ்ஜ் தப்பு இருக்கிற படம்தானே முசியே’ன்னு கேக்கறான். அறைஞ்சிருப்பேன். நான் சாகறதுக்கு முன்னாடி உன் பேரைச் சுத்தம் பண்ணிட்டுப் போகணும்.”

அவன் கண் கலங்கியிருந்தது. அதுதான் கொடுமை. கெட்ட எண்ணத்தோடு செய்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். இவ்வளவு பாசமாய் வந்து கழுத்தை அறுப்பவனை என்ன செய்வது?

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. ஆனால் ஒக்தாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும், வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வரும், அந்தப் பேராசிரியர் மேலும் பதினோரு பக்கம் எழுதுவார். எமிலியான் ஒரு தமாஷ் கதையாகிவிடுவான். கல்யாணக் கதை, பாவம், அல்ஜீரியா, த்சொ த்சொ என்பார்கள். அவளுக்கு உடம்பு எரிந்தது. சொன்னால் அவன் ஊருக்குச் சொந்தமாகிவிடுவான், சொல்லாவிட்டால் போயே போய்விடுவான்.

“சரி, கொண்டு வரேன்” என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அலமாரி மேல்தட்டிலிருந்து நோட்டை எடுத்தாள். ஷாட் எண் 214. லென்ஸ், தூரம், விளக்கு எல்லாம் அவள் கையெழுத்தில் ஒழுங்காக இருந்தன. ‘இடது கை. சட்டைக் கை இரண்டு மடிப்பு. கட்டைவிரல் நகத்தில் எண்ணெய்க் கறை.’ அதோடு நிறுத்தியிருந்தாள்.

அந்த ஷாட் எடுத்த நாள் ஒரு சனிக்கிழமை. பதினோராம் வட்டத்து நகர மன்றத்தில் கல்யாணம், காலை பத்து மணிக்கு. அந்த வாரம் அவர்களுக்குக் கிடைத்த நாள் அது ஒன்றுதான். படப்பிடிப்பு நடக்கும்போது கல்யாணத்துக்கு லீவு கேட்டால் ஒக்தாவ் மாப்பிள்ளையையும் சேர்த்து உதைப்பான். அதனால் பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். எமிலியானுக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் வேலை. சாட்சிக்கு ரொட்டிக் கடைக்காரியும் அவள் தங்கையும் வந்தார்கள். மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டிருந்த அதிகாரி, வெளியே இன்னும் ஐந்து ஜோடி காத்திருந்ததால், மூச்சு விடாமல் சட்டத்தைப் படித்து முடித்தார். மோதிரம் போட்டுவிடும்போது எமிலியான் விரல் முட்டியில் கொஞ்சம் சிக்கியது. அவள் அழுத்தித் தள்ளினாள். “பூட்டு சரியா விழுந்துடுச்சு, இனி திறக்காது” என்றான் அவன். ரொட்டிக் கடைக்காரி சிரித்துச் சிரித்துத் தும்மினாள். கல்யாணத்தைப் பதிந்து நகர மன்றத்தில் கொடுத்த குடும்பப் புத்தகத்தை நோட்டுக்குள் சொருகிக்கொண்டு இரண்டு பேரும் மெட்ரோவுக்கு ஓடினார்கள்.

ஸ்டுடியோவுக்குள் அவன் முன்னால் போனான், இவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பின்னால் போனாள். பல்வலிக்கு என்று ஆளாளுக்குக் கிராம்பு கொடுத்தார்கள். கல்யாண நாளில் மணப்பெண்ணுக்கு மத்தியானச் சாப்பாடு வெறும் சூப். விளக்கு போட்டதும் எமிலியான் சக்கரத்தின்மேல் கையை வைத்தான். மோதிரம் பளிச்சென்று மின்னியது. அவனுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு மணி நேரப் பழக்கமுள்ள பொருளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள்.

“சொலாஞ்ஜ், எல்லாம் சரியா?” என்று கத்தினான் ஒக்தாவ்.

“சரி” என்றாள்.

புது ஷாட் எடுக்கிற அன்று ஸ்டுடியோ ஜில்லென்று இருந்தது. வித்தைக்காரன் நல்ல பையன், மரியாதையாய்ப் பேசினான். கை மட்டும் பால் வெள்ளை. நகத்தில் கறையைப் பூசினார்கள். லென்ஸ் என்ன என்று கேமராக்காரர் கேட்டபோது சொலாஞ்ஜுக்கு ஒரு எண்ணம் வந்தது. ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் போதும், எதுவும் பொருந்தாது, ஒக்தாவ் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடுவான். நோட்டைத் திறந்தாள். எழுதினதை மாற்றிச் சொல்ல அவளால் முடியாது. வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டவள், எழுதின எதிலும் பொய் வைக்கவில்லை. “ஐம்பது” என்றாள். தூரம் சொன்னாள். விளக்கு இரண்டு விரல் கீழே இறங்கவேண்டும் என்று அவளே போய்ச் சரிசெய்தாள். முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு சரிசெய்தாள்.

ஷாட் அச்சு அசலாய்ப் பொருந்தியது. “பாத்தியா!” என்று ஒக்தாவ் அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். வீடு போய்ச் சேர்ந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள்.

புதுப் பிரிண்ட் வந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒர்த்தான்ஸ் கொட்டகையில் நிற்க இடமில்லை. படிக்கட்டில்கூட ஆட்கள். ஒக்தாவ் நாலாவது வரிசையில் சொலாஞ்ஜுக்குப் பக்கத்தில் பெருமையாய் உட்கார்ந்திருந்தான். அவளுடைய மறுபக்கம் தாடி வைத்த ஒரு மாணவன், மடியில் ஈரக் குடை. வரக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் பிணத்தைக் கடைசியாய் ஒரு தடவை பார்க்காமல் இருக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி வந்துவிட்டாள்.

படம் பளபளவென்று இருந்தது. கல்தெருவில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாய்த் தெரிந்தது. மன்றாட்டுச் சத்தம், மணிச் சத்தம், சுத்தியல். கொட்டகை பழையபடி மெல்லக் கனவுக்குள் இறங்கியது. ஐந்தாம் ரீல் ஆரம்பித்ததும் இருட்டில் முந்நூறு பேர் நிமிர்ந்து உட்கார்கிற சத்தம் கேட்டது. சொலாஞ்ஜ் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நாலு நொடி போயிற்று. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது:

“மோதிரம் எங்க?”

“ஏய், மோதிரத்தைக் காணோம்!”

“யாருடா திருடினது?”

விசில் பறந்தது. காலால் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள். மோ-தி-ரம், மோ-தி-ரம் என்று கொட்டகையே தாளம் போட்டது. திரையில் பாவம், அந்த நாலு பேரும் தங்கள் பாட்டுக்குக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை. படம் நின்றது, விளக்கு எரிந்தது. சொலாஞ்ஜ் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். பின்னால் ஒரு கிழவர் தொப்பியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் நிஜமாகவே அழுகிற மாதிரி நின்றார்கள். தான் ஒருத்திதான் அந்தக் கைக்காக வருவதாக இத்தனை வருஷமாய் நினைத்திருந்தாளே! இத்தனை பேரும் அவனுக்காகத்தான் காத்திருந்தார்களா?

ஒக்தாவ் முகம் சிவந்து எழுந்தான். “பைத்தியங்க! சொலாஞ்ஜ், இவங்க உன் தப்பைக் கேக்கறாங்க! நல்ல ஷாட் வேணாமாம், தப்புதான் வேணுமாம்!”

“அது தப்பு இல்ல, ஒக்தாவ்.”

“என்ன?”

“நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்.”

“நீ... பார்த்தியா? என் செட்டுல? பார்த்துட்டா வாயை மூடிக்கிட்ட?”

“பத்து மணிக்கு நகர மன்றத்துல நான்தான் அதை அவர் விரல்ல போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அதைக் கழட்டுன்னு நானே எப்படிச் சொல்லுவேன்?” அவள் குரல் உடைந்தது, அதை அவள் மறைக்கவில்லை. “அவர் என் வீட்டுக்காரர். எமிலியான். அடுத்த வருஷம் அல்ஜீரியாவில செத்துட்டார். இந்தக் கை மட்டும்தான் எனக்கு இருக்கு. அதையும் நீ எடுத்துட்ட.”

ஒக்தாவ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் கூச்சல் நின்றபாடில்லை. “அன்னிக்குப் பல்வலின்னு சொன்னியே” என்றான்.

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருந்துது.”

“நாற்பது பேருக்கு முன்னாடி உன்னைப் பார்த்துக் கத்தினேன். கல்யாணத்தன்னிக்கு எடுத்ததுக்கு.” அவன் மஃப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். சொலாஞ்ஜ் பதறிப்போய் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “யார்கிட்டயும் சொல்லாத. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

அவன் அவளைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான். அந்த வாய் ஒரு விஷயத்தை உள்ளே வைத்துக்கொண்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. “உக்காருங்கடா!” என்று மட்டும் கொட்டகையைப் பார்த்துக் கத்தினான். “மோதிரம் வரும். ஒர்த்தான்ஸ், பழைய பிரிண்ட் இருக்கா?”

“கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துட்டதா கடுதாசி போட்டேன், முசியே. பொய்” என்று மேலே படம் ஓட்டும் அறை ஜன்னல் வழியாக ஒர்த்தான்ஸ் தலையை நீட்டினாள். “அஞ்சாவது ரீலை ஏற்கெனவே மாட்டியாச்சு. நீங்க கத்தாம உக்காருங்க.”

விளக்கு அணைந்தது. கீறலும் தூசியுமாய் பழைய ரீல் ஓடத் தொடங்கியது, மணி ஒலி கொஞ்சம் கரகரத்தது. யாரும் இருமவில்லை. பெட்டி வந்தது, சக்கரம் வந்தது. கை வந்தது. மோதிரம் மின்னியது. கட்டைவிரல் நின்று, கொஞ்சம் யோசித்து, திரும்பியது. முந்நூறு பேரும் சேர்ந்து மூச்சை விட்டார்கள். இந்தத் தடவை அவளும் அவர்களோடு சேர்ந்துதான் மூச்சு விட்டாள்.

பக்கத்திலிருந்த தாடிக்கார மாணவன் அவள் கன்னம் ஈரமாய் இருப்பதைப் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தான். “எனக்கும் இந்த இடத்துல அழுகை வரும், மதாம். பேராசிரியருங்க எழுதறதெல்லாம் சும்மா. என்னைக் கேட்டா, அந்த ஆளோட சம்சாரம் செத்துட்டா. பெரிய வேலைக்குப் போறப்ப மட்டும் அவ நினைப்புல அதைப் போட்டுக்கிட்டுப் போறான்.”

“இல்ல, தம்பி” என்றாள் சொலாஞ்ஜ். “அவர் சம்சாரம் உயிரோடதான் இருக்கா.”